பெடலிலிருந்து காலை எடுத்ததும் ஏன் வெடித்தது? கையால் சுற்றிய மோட்டாருக்கு டிரைவர் சுற்று

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குயவர் சக்கரம் ஒன்றுக்காக 36 ஸ்லாட்டும் (சுருள் சுற்றும் பற்களுக்கு நடுவே உள்ள பள்ளங்கள்) 42 காந்தமும் கொண்ட, பிரஷ் இல்லாத மோட்டாரை நீங்களே சுற்றியிருக்கிறீர்கள். பெல்ட் கிடையாது, தட்டு நேரே ரோட்டாரின் மேல் உட்காருகிறது. வீட்டு மின்சாரத்தை 24 வோல்ட்டாக மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ், அதற்குப் பின்னால் மோட்டாரை ஓட்ட டிரோனுக்காக விற்கும் 40 ஆம்பியர் டிரைவர் பலகை, அதாவது ஈஎஸ்சி. கிளம்பும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது. ஓடத் தொடங்கிவிட்டால் ஒழுங்காக ஓடுகிறது. இரண்டாம் நாள் பத்துக் கிலோ மண்ணை வைத்து முழு வேகத்தில் ஓட்டி, பெடலிலிருந்து காலை எடுத்த நொடியில் ஈஎஸ்சி வெடித்துவிட்டது. “சூட்டில்தான் போயிருக்கும். இதைவிடப் பெரிய மாஸ்ஃபெட் போட்டு நானே டிரைவர் செய்யப்போகிறேன், எந்த எண் வாங்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சூட்டில் போகவில்லை. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் குழாய்போலத் திறந்து விட்டும் மூடியும் வைக்கும் ஸ்விட்ச்தான் மாஸ்ஃபெட். சூட்டில் போகிற மாஸ்ஃபெட் மண்ணை அழுத்தும்போது போயிருக்கும். நிறைய ஆம்பியர் ஓடுவது அப்போதுதான். உங்களுடையது காலை எடுத்தபோது போனது. அந்த நொடியில் மோட்டார் மோட்டாராக இல்லை, ஜெனரேட்டராக இருந்தது.

ஒரு சின்னக் கணக்கு. தட்டு, ரோட்டார், மண் மூன்றுக்கும் சேர்த்து நிலைமத் திருப்புத்திறன் 0.15 கிலோகிராம் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 250 சுற்றில் அதற்குள் இருக்கும் ஆற்றல் சுமார் 51 ஜூல். டிரோன் ஈஎஸ்சிகளில் பல, வேகத்தைக் குறைக்கச் சொன்னால் மோட்டாரை மின்சாரத்தாலேயே பிடித்து நிறுத்தும். பிடிக்கும்போது வரும் ஆற்றல் 24 வோல்ட் பக்கமாகத் திரும்பிப் பாயும். அங்கே பேட்டரி இருந்தால் வாங்கிக்கொள்ளும். எஸ்எம்பிஎஸ் வாங்காது, அதன் வெளியீட்டு டையோடு ஒருவழிப் பாதை. ஆகவே வந்ததெல்லாம் கெபாசிட்டரில் போய் முட்டும். செம்பிலும் உராய்விலும் பெரும்பகுதி வீணாகி, ஐந்தில் ஒரு பங்கான 10 ஜூல் மட்டும் திரும்பியது என்றே வையுங்கள். 2000 மைக்ரோஃபாரடு கெபாசிட்டரின் மின்னழுத்தத்தை 24 வோல்ட்டிலிருந்து 100 வோல்ட்டுக்கு மேல் ஏற்ற அதுவே போதும். ஆறு செல் பேட்டரிக்கான ஈஎஸ்சிக்குள் இருக்கும் மாஸ்ஃபெட்டுகள் பெரும்பாலும் 30 அல்லது 40 வோல்ட் தாங்குபவை. டிரோனின் இறக்கையில் இவ்வளவு ஆற்றல் தேங்குவதில்லை. அதைச் செய்தவர் பத்துக் கிலோ மண்ணை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

கிளம்பும்போது வெட்டுவது வேறு நோய். அந்த ஈஎஸ்சி ரோட்டார் எங்கே நிற்கிறது என்பதை, சுழலும் காந்தம் சுருளில் எழுப்பும் மின்னழுத்தத்தைப் பார்த்து ஊகிக்கிறது. நின்றிருக்கும் மோட்டாரில் அந்த மின்னழுத்தம் பூஜ்யம். நிமிடத்துக்கு ஐந்து சுற்றில் உங்கள் மோட்டாரில் அரை வோல்ட்கூட வராது. குருட்டாம்போக்கில் தள்ளிப் பார்க்கிறது, அவ்வளவுதான். சக்கரத்தில் வேலையே மெதுவான வேகத்தில் நடக்கிறது என்பதால் சென்சார் இல்லாத வழியை மறந்துவிடுங்கள்.

எனவே எந்த மாஸ்ஃபெட் என்பது மூன்றாவது நான்காவது கேள்வி. முதல் வேலை மோட்டாரை அளப்பது. விலைக்கு வாங்கிய மோட்டாருக்குத் தயாரித்தவர் தரும் தாள் இருக்கும்; கையால் சுற்றியதற்கு நீங்கள்தான் அந்தத் தாளை எழுத வேண்டும்.

ரோட்டாரை லேத்தில் பிடித்து நிமிடத்துக்கு 120 சுற்றில் ஓட்டுங்கள். 42 காந்தம் என்றால் 21 துருவ ஜோடி; ஆகவே வெளியே வரும் மின்சாரம் 42 ஹெர்ட்ஸ். சாதாரண மல்டிமீட்டர் நம்பகமாக அளக்கும் எல்லைக்குள் அது இருக்கிறது. மூன்று ஒயரில் இரண்டிரண்டாக ஏசி வோல்ட் பாருங்கள். 5.66 வோல்ட் காட்டுகிறது என்று வைப்போம். உச்சம் 8 வோல்ட். 120ஐ 8ஆல் வகுத்தால் வோல்ட்டுக்கு 15 சுற்று. டிரோன்காரர்கள் கேவி என்று சொல்லும் எண் இதுதான். 9.55ஐ இந்த எண்ணால் வகுத்தால் ஓர் ஆம்பியருக்கு எவ்வளவு முறுக்கு விசை என்பது கிடைத்துவிடும்: 0.64 நியூட்டன் மீட்டர்.

மூன்று அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 5.66, மற்ற இரண்டும் 5.2 பக்கம் என்று வந்தால், அந்த இரண்டிலும் பொதுவாக உள்ள ஒயரின் கட்டத்தில் (அந்த ஒயருக்குரிய பன்னிரண்டு சுருள்களில்) ஒரு பல்லைத் தலைகீழாகச் சுற்றிவிட்டீர்கள். பன்னிரண்டு சுருளில் ஒன்று எதிர்த்து வேலை செய்தால் ஏறத்தாழ அந்த எட்டு சதவீதம்தான் குறையும். ஓட்டிப் பார்த்தால் ‘கொஞ்சம் அதிர்கிறது’ என்று தோன்றுமே தவிரக் காரணம் பிடிபடாது. டிரைவர்மீது பழிபோட்டு ஒரு மாதம் ஓட்டிவிடலாம். இந்த அளவு எடுக்காமல் சாலிடரிங் இரும்பைத் தொடாதீர்கள்.

மின்தடையை மல்டிமீட்டரின் ஓம் பக்கத்தில் அளக்க வேண்டாம். அதன் ஒயரே 0.2 ஓம் காட்டும். ஆம்பியரைக் கட்டுப்படுத்தக்கூடிய சப்ளையில் 2 ஆம்பியர் விட்டு, மோட்டார் முனையிலேயே வோல்ட் பாருங்கள். 1 வோல்ட் என்றால் 0.5 ஓம். கூடவே சுருளுக்கும் இரும்புக்கும் நடுவே மெகர் வைத்து இன்சுலேஷனைப் பார்த்துவிடுங்கள். பக்கத்து ரீவைண்டிங் கடையில் கேட்டால் இரண்டு நிமிட வேலை.

இனி எண்கள் தாமே பேசும். உங்கள் உண்மையான அளவுகளை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 10 நியூட்டன் மீட்டர் வேண்டும் என்றால் ஏறத்தாழ 16 ஆம்பியர். அப்போது சுருளில் மட்டும் 16ஐ 16ஆல் பெருக்கி 0.5ஆல் பெருக்க, 128 வாட் வெப்பம். சில நொடிகளுக்குத் தாங்கும், நிரந்தரமாகத் தாங்காது. சாதாரண தர நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் பலம் இழக்கத் தொடங்கும் என்பதால், சுருளுக்குள் ஒரு வெப்ப சென்சாரைப் புதைத்து வையுங்கள். 250 சுற்றில் மோட்டாரே எழுப்பும் எதிர் மின்னழுத்தம் 16.7 வோல்ட், 16 ஆம்பியரைத் தள்ள மேலும் 8 வோல்ட், கூட்டினால் 24.7. ஆக, முழு வேகத்தில் முழு பலம் 24 வோல்ட்டில் கிடைக்காது. மண்ணை நடுவில் நிறுத்தும் வேலை 150 சுற்றில் நடக்கும் என்றால் 18 வோல்ட் போதும், 24 தாராளம். நின்ற மோட்டாருக்கு 24 வோல்ட்டை நேரே கொடுத்தாலோ 48 ஆம்பியர். ஆம்பியர் கட்டுப்பாடு இல்லாத டிரைவர் ஏன் கூடாது என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

மின்தூண்டல் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். இவ்வளவு சுற்றுள்ள மோட்டாரில் ஒரு மில்லிஹென்றி அளவுக்கு இருக்கும். 20 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் செய்தால் ஆம்பியரின் ஏற்ற இறக்கம் அதிகபட்சம் 0.3. இருபது மைக்ரோஹென்றி உள்ள டிரோன் மோட்டாரில் இதே கணக்கு 15 ஆம்பியர் காட்டும். ஆகவே உங்களுக்கு வேகமான ஸ்விட்சிங் தேவையே இல்லை. 20 கிலோஹெர்ட்ஸ் என்று நான் சொல்வதும் காதுக்காகத்தான். 8 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் மோட்டார் நாள் முழுவதும் கீச்சிடும்.

இப்போது மாஸ்ஃபெட். மோட்டாரின் ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு: மேல் மாஸ்ஃபெட் அதை 24 வோல்ட்டோடும், கீழ் மாஸ்ஃபெட் தரையோடும் இணைக்கும்; ஆறும் சேர்ந்ததுதான் பாலம். 16 ஆம்பியருக்கு 200 ஆம்பியர் மாஸ்ஃபெட் வாங்குவது பெரும்பாலோர் செய்யும் தவறு. பெரிய மாஸ்ஃபெட்டுக்குப் பெரிய கேட், அதாவது அதைத் திறக்கவும் மூடவும் சொல்லும் முனை. அதை நிரப்பவும் காலி செய்யவும் நேரம் பிடிக்கும். எல்லோரும் பரிந்துரைக்கும் ஐஆர்எஃப்பி4110இன் கேட்டுக்கு 150 நானோகூலம் தேவை. அதை 0.27 ஆம்பியர் மட்டுமே இழுக்கும் ஐஆர்2104 என்ற கேட் டிரைவர் ஐசியோடு சேர்த்தால், கேட் காலியாக அரை மைக்ரோ விநாடிக்கு மேல் ஆகும். அந்த ஐசி மேல் மாஸ்ஃபெட்டுக்கும் கீழ் மாஸ்ஃபெட்டுக்கும் நடுவே விடும் இடைவெளியோ 0.52 மைக்ரோ விநாடி. மிச்சம் ஏதும் இல்லை. ஒன்று மூடுவதற்குள் மற்றது திறந்தால் 24 வோல்ட்டும் தரையும் நேரே இணைந்துவிடும். ‘பெரிய மாஸ்ஃபெட் போட்டும் எரிகிறது’ என்ற புலம்பலுக்குப் பின்னால் பல சமயம் இதுதான் இருக்கிறது.

ஐஆர்எஃப்பி3607 போல ஒன்றைப் பாருங்கள்: 75 வோல்ட், அதிகபட்சம் 9 மில்லி ஓம், கேட்டுக்கு 56 நானோகூலம். 16 ஆம்பியரில் ஒரே நேரத்தில் இரண்டு மாஸ்ஃபெட் வழியாகப் பாய்ந்தாலும், சூடேறிய நிலையில் மொத்தம் 7 வாட் அளவுதான் வெப்பம். உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு போதும். வாங்கியதும் ஒன்றைச் சோதித்துவிடுங்கள், சந்தையில் போலிகள் ஏராளம். கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்து, மின்சாரம் பாயும் மற்ற இரண்டு கால்களான டிரெயினிலிருந்து சோர்ஸுக்கு 5 ஆம்பியர் விட்டு, மாஸ்ஃபெட்டின் காலிலேயே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 45 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் அசல். 150 காட்டினால் அதற்குள் இருப்பது வேறு ஏதோ சின்னச் சில்லு. மேலே அச்சிட்ட எழுத்துக்கு மதிப்பில்லை.

கேட் டிரைவருக்கு ஐஆர்2110 எடுத்துக்கொள்ளலாம். இரண்டு ஆம்பியர் தள்ளும். அதற்குள் இடைவெளி கிடையாது, உங்கள் நிரலை ஓட்டும் சில்லான மைக்ரோகண்ட்ரோலரின் டைமரில்தான் வைக்க வேண்டும். எஸ்டிஎம்32 வகை மைக்ரோகண்ட்ரோலரில் இதற்கென்றே தனி டைமர் இருக்கிறது. ஒரு மைக்ரோ விநாடி வையுங்கள். கேட்டுக்கு 10 ஓம் தொடராக, கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 10 கிலோ ஓம். இந்த இரண்டாவதை மறந்துவிட்டு, மைக்ரோகண்ட்ரோலர் விழிப்பதற்குள் பாலத்தை எரித்தவர்கள் உண்டு.

மேல் மாஸ்ஃபெட்டுக்கு 24 வோல்ட்டுக்கும் மேலே இன்னொரு 12 வோல்ட் வேண்டும். அதைத் தருவது பூட்ஸ்ட்ராப் கெபாசிட்டர். கீழ் மாஸ்ஃபெட் திறக்கும்போது நிரம்பி, மேலது திறக்கும்போது செலவாகும். ஒரு மைக்ரோஃபாரடு செராமிக் போதும். டையோடு மட்டும் வேகமானதாக இருக்கட்டும். யுஎஃப்4007 சரி, கைக்குக் கிடைத்த 1என்4007 சரியில்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெடலை முழுக்க மிதித்தும் சக்கரம் நகராமல் நிற்கும்போது, மேல் மாஸ்ஃபெட்டை நூறு சதவீதம் திறந்தே வைத்தால் கெபாசிட்டர் மெல்ல வடிந்துவிடும். கேட் 12இலிருந்து 6, 5 என்று இறங்க, மாஸ்ஃபெட் பாதி திறந்த நிலையில் வேகும். ஐசிக்குள் இதற்குப் பாதுகாப்பு இருந்தாலும், மென்பொருளில் 95 சதவீதத்துக்கு மேல் போகாமல் கட்டிவிடுவதே நல்லது.

இதையெல்லாம் தனித்தனியாகச் சேர்க்கச் சலிப்பாக இருந்தால் டிஆர்வி8302 என்ற ஒரே ஐசியில் மூன்று கட்டத்துக்கான கேட் டிரைவரும், ஆம்பியர் அளக்க இரண்டு ஆம்பிளிஃபயரும் இருக்கின்றன. 60 வோல்ட் வரை தாங்கும். சுவீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெட்டர் உருவாக்கிய வெஸ்க் என்ற திறந்த மோட்டார் டிரைவர் வடிவமைப்பின் தொடக்கப் பலகைகள் இதையும் எஸ்டிஎம்32ஐயும் வைத்து எழுந்தவைதான். அந்தச் சுற்றுப்படம் வெளிப்படையாகக் கிடைக்கிறது. காப்பியடிக்கச் சொல்லவில்லை, ஒவ்வொரு ரெசிஸ்டரும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே படித்தால், அது ஒரு வருடப் பாடம்.

பலகை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: புள்ளி புள்ளியாகத் துளையிட்ட பலகையில் இதைச் செய்யாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் தடத்துக்கு ஏறத்தாழ ஒரு நானோஹென்றி. கெபாசிட்டரிலிருந்து மேல் மாஸ்ஃபெட், கீழ் மாஸ்ஃபெட், மறுபடி கெபாசிட்டர் என்ற வளையம் பத்து சென்டிமீட்டர் நீளம் என்றால் 100 நானோஹென்றி. அதில் 16 ஆம்பியரை 100 நானோ விநாடியில் நிறுத்தினால் 16 வோல்ட் துள்ளும். மோட்டாருக்குப் போகும் ஒயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த வளையம்தான் சிறிதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் காலடியிலும் ஒரு மைக்ரோஃபாரடு செராமிக், பக்கத்திலேயே 63 வோல்ட் தாங்கும் 1000 மைக்ரோஃபாரடு எலக்ட்ரோலிட்டிக் இரண்டு.

ஆம்பியர் அளக்கக் கீழ் மாஸ்ஃபெட்டின் காலில் 5 மில்லி ஓம் ஷண்ட், அதாவது பாயும் ஆம்பியரை மின்னழுத்தமாகக் காட்டும் ரெசிஸ்டர். 16 ஆம்பியரில் 80 மில்லிவோல்ட். பத்து மடங்கு பெருக்கி 1.65 வோல்ட்டை நடுவாக வைத்தால், இரு திசையிலும் 30 ஆம்பியர் வரை பார்க்கலாம். அதே மின்னழுத்தத்தை இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிடும் ஒரு கம்பேரட்டருக்கும் கொடுத்து, 25 ஆம்பியரைத் தாண்டினால் எல்லா மாஸ்ஃபெட்டையும் உடனே மூடவைக்கும் டைமரின் பிரேக் முனையை இழுக்குமாறு செய்யுங்கள். நிரல் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், மோட்டார் ஒயர் இரண்டு ஒட்டிக்கொண்ட நொடியில் அது வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இனி ரோட்டார் எங்கே நிற்கிறது என்ற கேள்வி. விடை, காந்தத்தை உணரும் மூன்று ஹால் சென்சார். உங்கள் மோட்டாரில் ஒரு ஸ்லாட் என்பது 10 டிகிரி, அதை 21ஆல் பெருக்கினால் மின் கோணத்தில் (ஒரு துருவ ஜோடியைக் கடப்பதே 360 டிகிரி என்ற கணக்கில்) 210. நான்கு ஸ்லாட் 840. அதிலிருந்து இரண்டு முழுச் சுற்றைக் கழித்தால் 120. ஆகவே நான்கு ஸ்லாட்டுக்கு ஒன்றாக மூன்று சென்சாரைப் பல்லிடுக்கில் செருகினால், வேண்டிய 120 டிகிரி தானே அமைந்துவிடும். இந்த 36க்கு 42 அமைப்பின் கொடை அது. ஆனால் எந்த சென்சார் என்பதில் கவனம். கடையில் ஹால் சென்சார் என்று கேட்டால் பெரும்பாலும் ஏ3144ஐ எடுத்துக் கொடுப்பார்கள். அது ஒரே துருவத்தைத்தான் பார்க்கும்; காந்தம் விலகியதும் தானே அணைந்துவிடும். நமக்கு வடக்கு வரும்வரை தெற்கை நினைவில் வைத்திருக்கும் லாட்ச் வகை வேண்டும், யுஎஸ்1881 போல. இந்த வித்தியாசம் தெரியாமல் மூன்றையும் ஒட்டி, மேலே எபாக்ஸி ஊற்றி, அது கல்லாக இறுகிய பிறகு தாளைப் படித்தவன் நான். உளியால் கொத்தி எடுத்தபோது இரண்டு சுருளும் கூடவே வந்தன.

மூன்று சென்சாரும் ஒரு சுற்றில் 126 இடங்களைச் சொல்லும். அதை வைத்து, எந்த இரண்டு ஒயரில் மின்சாரம் பாய்வது என்பதை ஆறு படியாக மாற்றிக்கொண்டே போகும் ஆறு படி முறையில் ஓட்டினால் சக்கரம் சுற்றும், கிளம்பும், வெட்டாது. ஆனால் ஒவ்வொரு படியிலும் முறுக்கு விசை கொள்கையளவிலேயே 13 சதவீதம் ஏறி இறங்கும். மின்விசிறிக்கு அது பொருட்டில்லை. ஈர மண்ணின் சுவரை இரண்டு விரலுக்கு நடுவே மெலிதாக்கிக்கொண்டு வருபவருக்கு அந்தத் துடிப்பு விரலில் தெரியும். அதனால் உங்கள் வேலைக்குப் புலம் சார்ந்த கட்டுப்பாடு, அதாவது எஃப்ஓசி, ஆடம்பரம் அல்ல. மூன்று கட்டத்து ஆம்பியரையும் ரோட்டாரோடு சேர்ந்து சுற்றும் இரண்டு எண்களாக மாற்றி, அவற்றை மட்டும் நிலையாகப் பிடித்து வைக்கும் இந்த உத்தியை 1970களின் தொடக்கத்தில் சீமென்ஸில் இருந்த ஃபெலிக்ஸ் பிளாஷ்கே வளர்த்தெடுத்தார். அன்று ஓர் அலமாரி நிறைய மின்னணுவியல் தேவைப்பட்டது, இன்று சில நூறு ரூபாய்ச் சில்லு போதும்.

எஃப்ஓசிக்கு அச்சின் அடியில், அதன் கோணத்தை நுணுக்கமாகச் சொல்லும் ஒரு காந்த என்கோடர் வைத்தால் இன்னும் மென்மை. ஆனால் துருவம் 21 ஜோடி என்பதை மறக்கக் கூடாது. 250 சுற்றில் ரோட்டார் ஒரு மில்லி விநாடிக்கு ஒன்றரை டிகிரிதான் நகரும்; மின் கோணத்தில் அது 31.5 டிகிரி. சென்சார் ஒரு மில்லி விநாடி தாமதமாகப் பதில் சொன்னால் அந்த அளவுக்குத் தவறான திசையில் தள்ளுவீர்கள். மலிவாகக் கிடைக்கும் மெதுவான என்கோடரில் எத்தனையோ பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான். எஸ்பிஐ என்ற இணைப்பு வழியாக மைக்ரோகண்ட்ரோலரோடு பேசும் வேகமான வகையை வாங்குங்கள்.

மின்சாரம் கொடுக்கும் நாளில் பொறுமை வேண்டும். முதலில் மோட்டார் இல்லாமல், பெரிய கெபாசிட்டர்களையும் சாலிடர் செய்யாமல், 24 வோல்ட் ஒயரில் லாரி ஹெட்லைட் பல்பு ஒன்றைத் தொடராகப் போடுங்கள். மேலும் கீழும் ஒரே நேரத்தில் திறந்தால் பல்பு எரியும், மாஸ்ஃபெட் பிழைக்கும். ஒருமுறை அந்தப் பல்பு பளிச்சென்று எரிந்ததைப் பார்த்தால், அதற்குப் பிறகு அது இல்லாமல் எந்தப் பாலத்துக்கும் உயிர் கொடுக்க மாட்டீர்கள். ஆசிலாஸ்கோப்பில் மூன்று கட்டத்தின் கேட் அலைகளையும் பார்த்து, இடைவெளி சரியாக இருந்தால் மட்டும் கெபாசிட்டரையும் மோட்டாரையும் இணைத்து, 2 ஆம்பியர் கட்டுப்பாட்டோடு ஓட்டுங்கள்.

கடைசியாக, உங்கள் ஈஎஸ்சியைக் கொன்ற சங்கதி. 24 வோல்ட் கம்பியை எப்போதும் கவனிக்கும் ஒரு கம்பேரட்டர், ஏழாவதாக ஒரு மாஸ்ஃபெட், 4.7 ஓம் 50 வாட் அலுமினிய உறை போட்ட ரெசிஸ்டர் ஒன்று. 30 வோல்ட் ஆனதும் அந்த மாஸ்ஃபெட் திறந்து, திரும்பி வரும் ஆற்றலை ரெசிஸ்டரில் எரிக்க வேண்டும், 28.5க்கு இறங்கியதும் மூட வேண்டும். ரெசிஸ்டர் ஒயர் சுருளால் ஆனது என்பதால் அதற்குக் குறுக்கே ஒரு வேகமான டையோடும் போடுங்கள். நிரலில் பிடித்து நிறுத்தும் ஆம்பியரை 4க்குள் வையுங்கள்; அப்போது 2.5 நியூட்டன் மீட்டர், ஒன்றரை நொடியில் சக்கரம் நிற்கும், திரும்பி வருவது உச்சத்தில் 67 வாட். 30 வோல்ட்டில் அந்த ரெசிஸ்டரால் 190 வாட் வரை எரித்துத் தள்ள முடியும். இதைவிட வேகமாக நிறுத்துவதில் லாபமும் இல்லை. பச்சை மண்ணின் சுவர் முறுக்கிக்கொள்ளும்.

சோதிப்பதும் எளிது. மல்டிமீட்டரை அதிகபட்சத்தைப் பிடித்து வைக்கும் நிலையில் 24 வோல்ட் கம்பியில் வையுங்கள். ஆசிலாஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. வெறும் தட்டு, ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்று ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் முழு வேகத்தில் பெடலிலிருந்து காலை எடுங்கள். எண் 31ஐத் தாண்டாமல் நின்றால் எஸ்எம்பிஎஸ்ஸோடு தைரியமாக ஓட்டலாம். தாண்டினால் அடுத்த முறை காலை எடுப்பதற்கு முன் கம்பேரட்டரைப் பாருங்கள்.